மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரம்

வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் தூங்காமல், யாரோடும் பேசாமல் கிடக்கிறார். மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று; கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று சண்டை.

அவருக்கே தொந்தரவாக இருப்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். "ராத்திரி ரெண்டு மணி நேரம்கூடத் தூங்கலையே, அதுக்குக் காட்டுவோமா?" என்றால் பலர் கிளம்பிவிடுவார்கள். "எனக்குத்தான் உடம்பு சரியில்லை, துணைக்கு வா" என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். உண்மை தெரிந்ததும் அடுத்த முறை வரவே மாட்டார். அடியோடு மறுத்தால், நீங்களே 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கோயில், தர்கா நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்டார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்ந்தது. கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் உள்ளே போகட்டும். கட்டிவைப்பது மட்டும் கூடவே கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது.

சென்னையில் மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம், அதனால் பலருக்கு அங்கே போக நடுக்கம். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைக்கும் வருவார். எந்தக் கிழமை என்று முன்பே விசாரித்துவிட்டால் ஒருநாள் கூலி மிச்சம்.

ஓ.பி.யில் கூட்டம் இருக்கும், டாக்டரோடு பேசச் சில நிமிடம்தான் கிடைக்கும். அரைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் தொடங்கியது, எத்தனை மணி நேரத் தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், காதில் குரல் கேட்பதாகச் சொல்கிறாரா, சாவைப் பற்றிப் பேசினாரா, வலிப்பு, தைராய்டு உண்டா. இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

முதல் நாளைத் தாண்டியவர்களையும் கோட்டைவிடும் இடம் இரண்டாவது வாரம். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றில் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கலக்கம் முதல் சில நாளிலேயே வந்துவிடும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தெரியத் தொடங்கும். பத்தாம் நாள் கணக்குப் பார்த்தால் நஷ்டம் மட்டும்தான் கண்ணில் படும், அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். இளவயதினரிடம் படபடப்போ, சாகும் எண்ணமோ கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த சறுக்கல், "நல்லாயிட்டான், இனி எதுக்கு?" என்பது. மனச்சோர்வு குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மனச்சிதைவுக்கு இன்னும் நீண்ட காலம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோய் திரும்பியதாகத் தோன்றும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். "பழக்கமாயிடும்" என்ற பயம் சில தூக்க மாத்திரைகளுக்குப் பொருந்தும், மனச்சோர்வு மாத்திரைகளுக்குப் பொருந்தாது. மாத்திரை தீர மூன்று நாள் இருக்கும்போதே அடுத்த சீட்டு வாங்கிவிடுங்கள். சாகும் பேச்சு இருந்தால் மொத்த அட்டையும் உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும், அன்றன்றைய மாத்திரையை மட்டும் கையில் கொடுங்கள்.

விஷம் குடித்தவரைத் தூக்கிவரும்போதும் வழக்குக்குப் பயந்து, "தெரியாம குடிச்சிட்டான்" என்பவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போகலாம். ஆனால் 2017 சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு தண்டனையிலிருந்து காக்கிறது. என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உள்ளபடி சொல்லி, பாட்டிலையும் டாக்டர் கையில் கொடுங்கள்.