பெரிய போன், டேப், லேப்டாப்: மூன்றும் வேண்டுமா? வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி அட்மிஷன் முடிந்து ஜூன் பிறந்துவிட்டால் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்கும் பைபாஸ் ரோட்டு ஷோரூம்களுக்கும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வந்தவர்கள், பக்கத்து மேசையில் இருக்கும் டேப்பைப் பார்த்ததும், "இதுலயே எல்லாம் பண்ணிக்கலாமாமே" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சிலர் இரண்டையும் தவணையில் எடுத்துவிடுவார்கள். கையில் ஏற்கெனவே 6.7 இன்ச் போன் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால் மூன்றில் ஒன்று பீரோவுக்குள் இருக்கும். பெரும்பாலும் அது டேப்தான்.

டேப் மோசமான பொருள் என்று சொல்ல வரவில்லை. தேவைப்படுகிறவர் கையில் அதுபோல உதவும் பொருள் வேறு இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அளவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பொருள்களை வாங்கினால் ஒன்றின் வேலையை மற்றது எடுத்துக்கொள்ளும். பெரிய போனும் சின்ன டேப்பும் அப்படி ஒரு ஜோடி. கீபோர்டு மாட்டிய பெரிய டேப்பும் சின்ன லேப்டாப்பும் இன்னொரு ஜோடி. வீணாகும் பணம் பெரும்பாலும் இந்த இரண்டு ஜோடிகளில்தான் போகிறது.

இன்ச்சை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

திரையை மூலைக்கு மூலை குறுக்காக அளந்துதான் இன்ச் சொல்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் ஓடிய 5.5 இன்ச் போன் 16:9 வடிவம், அதாவது உயரம் 16 பங்கு என்றால் அகலம் 9 பங்கு. இன்றைய 6.7 இன்ச் போன் பெரும்பாலும் 20:9. கணக்குப் போட்டால் இரண்டின் திரை அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான், 2.7 இன்ச் சொச்சம். இத்தனை வருடத்தில் வளர்ந்தது உயரம்தான். வாட்ஸ்அப் பேச்சை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கவும், நீள வாக்கில் எடுத்த வீடியோ பார்க்கவும் அந்த உயரம் உதவும். பாடக் குறிப்பு, வினாத்தாள், பத்திரம் போன்ற பிடிஎஃப் படிக்க வேண்டியது அகலம். அது பெரிய போனிலும் கிடையாது.

ஏ4 தாளின் அகலம் சுமார் 8.3 இன்ச். அதை 6.7 இன்ச் போனில் முழுப் பக்கமாகத் திறந்தால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். தாளில் 12 பாயின்ட் அளவில் இருக்கும் எழுத்து 4 பாயின்ட் ஆகிவிடும். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்து போலத்தான். அதிலும் தமிழ் எழுத்துக்கு இது கூடுதல் தொல்லை. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று ன, ண பிரித்துத் தெரியாது. மேலே புள்ளி இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும். பெரிதாக்கிப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் தள்ள வேண்டும். டிஎன்பிஎஸ்சிக்கு இப்படிப் படிக்கிற பிள்ளை பத்துப் பக்கம் தாண்டும் முன் அசந்துபோய் யூடியூப் பக்கம் திரும்பினால், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமில்லை.

அதே பக்கத்தை 11 இன்ச் டேப்பில் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். திரை 16:10 வடிவம் என்றால் அகலம் 5.8 இன்ச் வரும். 12 பாயின்ட் எழுத்து 8 பாயின்ட்டுக்குச் சற்று மேல் நிற்கும். தள்ளாமல், பெரிதாக்காமல் படித்துக்கொண்டே போகலாம். திரையின் பரப்பு போனைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

நடுவில் 8.7 இன்ச் டேப் என்று ஒன்று விற்கிறது. விலை குறைவு என்பதால் நிறையப் பேர் எடுக்கிறார்கள். ஏ4 பக்கம் அதில் பாதி அளவுக்குச் சற்று மேலாகச் சுருங்கித்தான் தெரியும். எழுத்து ஆறரை பாயின்ட். பெரிய போன் வைத்திருப்பவருக்கு இது இரண்டுங்கெட்டான். சின்ன போன் வைத்திருந்து, படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கிறவருக்கு மட்டும் பொருந்தும். மின்னூலில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும், பிடிஎஃப்பில் அது நடக்காது.

கடைக்குப் போகும்போது நீங்கள் நிஜமாகப் படிக்கிற பிடிஎஃப் ஒன்றைக் கொண்டுபோங்கள். டெமோ டேப்பில் அதைத் திறந்து, பெரிதாக்காமல் முழுசாக ஒரு பக்கம் படியுங்கள். கடையில் ஓடும் மலை, அருவி வீடியோவில் எல்லாத் திரையும் நன்றாகத்தான் இருக்கும்.

போனை முதலில் பெரிதாக வாங்கிவிடுவது

மூன்றில் தவிர்க்கவே முடியாதது போன். யுபிஐ அந்தக் கருவியில் இருக்கிற சிம்மோடு கட்டப்பட்டது; பதிவு செய்யும்போது அந்த சிம்மிலிருந்து குறுஞ்செய்தி போக வேண்டும். அதனால் சிம் இல்லாத டேப்பில் ஜிபே வேலைக்காகாது. ஆக, எங்கே போனாலும் கூட வரப்போவது போன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் டிக்கெட் காசையும் போனையும் வைத்திருக்கிறவருக்கு, கட்டைவிரல் மேல் மூலைக்கு எட்டுகிறதா என்பது பெரிய விஷயம். படிக்கவும் பார்க்கவும் டேப் உண்டு, எழுத லேப்டாப் உண்டு என்றால், போன் கைக்கு அடக்கமாக, கேமராவும் பேட்டரியும் நன்றாக இருந்தால் போதும். அந்த நிலையில் மிகப் பெரிய போனுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பலன் இல்லை.

போன் மட்டும்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறவருக்குக் கணக்கு தலைகீழ். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் அக்காவுக்கு, பேரனோடு வீடியோ காலில் பேசும் அப்பத்தாவுக்கு, பெரிய போன் ஒன்றே சரி. அவர்களுக்கு டேப் வாங்கிக் கொடுத்தால் இன்னொரு பொருளுக்குச் சார்ஜ் போட வைத்த மாதிரிதான் ஆகும்.

டேப்பை லேப்டாப்பாக நினைப்பது

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். டேப் விலையோடு கீபோர்டு கவர், பேனா, திரைக்கு ஒட்டும் கண்ணாடி எல்லாம் சேர்த்தால் நடுத்தர லேப்டாப் விலையை நெருங்கிவிடும். ஆனால் வேலை லேப்டாப் அளவுக்கு நடக்காது. பி.காம் படிக்கிற பெண்ணுக்கு டேலி வேண்டும். அது விண்டோஸில் ஓடுகிற கணக்கு மென்பொருள். எக்செல் செயலி டேப்பில் திறக்கும், ஆனால் அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கும் மேக்ரோ (ஒரே வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைகள்) அதில் ஓடாது. இன்ஜினியரிங் பிள்ளைகளின் வரைபட மென்பொருள்களும் புரோகிராமிங் கருவிகளும் முழுக் கணினியைத்தான் கேட்கும். ஜிஎஸ்டி தாக்கலில் டிஜிட்டல் கையெழுத்து போடும் யூஎஸ்பி டோக்கனுக்கும் கணினி வேண்டும்.

கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மைக்ரோசாப்டின் வேர்டு, எக்செல் செயலிகளில் இலவசமாகத் திருத்தம் செய்ய முடிவது 10.1 இன்ச் வரை உள்ள திரைகளில்தான். 11 இன்ச் டேப் வாங்கினால் அதே வேலைக்குச் சந்தா கட்ட வேண்டும். கூகுள் டாக்ஸ் போதும் என்கிறவர்களுக்கு இது பிரச்சினையில்லை. ஆனால் கல்லூரியில் வேர்டு கோப்பாகவே கேட்பார்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகள், ஜேஇஇ மெயின் எல்லாம் கணினி முன் உட்கார்ந்து மவுஸ் பிடித்து எழுதுவது. வருடம் முழுக்க விரலால் தொட்டே மாதிரித் தேர்வு எழுதிவிட்டு, மையத்தில் மவுஸைத் தேடித் தடவும்போது நிமிடம் கரையும். கடைசி இரண்டு மாதமாவது கணினியில் பழகுங்கள். தமிழில் நிறைய எழுதுகிறவர்களுக்கும் லேப்டாப்தான். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பழகிவிட்டால் அந்த வேகம் கண்ணாடித் திரையில் வராது.

அரசுத் திட்டத்தையும் கணக்கில் சேருங்கள். 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நினைவிருக்கும். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ (டேப்) இரண்டு ஆண்டுகளில் தருவதாக அறிவித்தார்கள். உங்கள் பிள்ளையின் கல்லூரிக்கும் வருடத்துக்கும் அது உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். லேப்டாப் வரும் என்றால், கையில் இருக்கும் பணத்தை நல்ல டேப்புக்குச் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். வராது என்றால் லேப்டாப்தான் முதல்.

டேப் யாருக்கு?

பேனா பிடித்து எழுதுகிறவர்களுக்கு. கணக்கு, வேதியியல், மருத்துவம் படிக்கிறவர்கள் பிடிஎஃப் மேலேயே குறித்து, படம் வரைந்து படிக்கலாம். ட்யூஷன் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் அருமையான பொருள். பேனா அந்த டேப்புக்கென்றே வந்ததா என்று பாருங்கள். ரப்பர் முனை வைத்த மலிவுப் பேனாவில் எழுதும்போது உள்ளங்கை பட்டாலே கோடு விழும்.

படம் பார்க்க மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் ஓடிடி படங்களை முழுத் தெளிவில் ஓட விடும் வைட்வைன் எல்1 சான்று உண்டா என்று கேளுங்கள். எல்3 மட்டும் இருக்கிற டேப்பில், திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஓடிடி படங்கள் மங்கலாக, குறைந்த தரத்தில்தான் ஓடும்.

லேப்டாப்பின் எடையை மறப்பது

உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு 15.6 இன்ச் கேமிங் லேப்டாப் வாங்கித் தருகிறார்கள். சார்ஜரோடு அது மூன்று கிலோவை நெருங்கும். மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டிலேயே கிடக்கும். தினமும் தூக்குகிறவருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள் 14 இன்ச். மேசையை விட்டு நகராது என்றால் 15.6 தாராளம்.

வாங்கிய பிறகு வரும் செலவு

சிம் போடும் டேப் வேண்டாம் என்பது என் கருத்து. மாதாமாதம் இன்னொரு ரீசார்ஜ் எதற்கு? போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் போதும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் வைஃபை ரூட்டரும் அணைந்துவிடும். அன்றைக்கு லேப்டாப்புக்கும் அதே ஹாட்ஸ்பாட்தான். போனில் பேட்டரி பெரிதாக இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகவும்தான்.

வட்டி இல்லாத் தவணை என்பதையும் விசாரியுங்கள். கிரெடிட் கார்டில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் கொடுத்தாலும், அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில்தான் விழும். செயலாக்கக் கட்டணம் தனி.

போன் திரை உடைந்தால் டவுன்ஹால் ரோட்டில் அன்றைக்கே மாற்றிவிடலாம். டேப் திரை அப்படி எளிதில் கிடைக்காது. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். பிராண்டின் சர்வீஸ் சென்டர் மதுரையிலேயே இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நம் ஊர் வெயில். ஆப்பிள் நிறுவனம் தன் போன்களையும் ஐபேடுகளையும் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. மதுரையில் கத்திரி வெயில் 40ஐத் தாண்டும். தகரக் கொட்டகை அறைக்குள் இன்னும் மேலே போகும். மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடுவது, வண்டி டேங்க் கவரில் வெயிலில் விட்டுப் போவது, இரண்டுமே பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பீரோவில் தூங்கும் டேப்புக்கு வேறு ஆபத்து. சார்ஜ் முழுதும் இறங்கிப்போய் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி மறுபடி எழாமலே போகலாம். பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள், அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதைக் கழிக்கும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, ராம் 8 ஜிபி ஆக்கினாலே பாதி லேப்டாப்புகளுக்கு உயிர் வரும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விலை கேட்கும் முன் இந்தத் தலைமுறை எண்ணைக் கேளுங்கள். அதற்கும் பழையது என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு, பிள்ளைகள் டைப்பிங் பழக வைத்துக்கொள்ளலாம்.