ஃபோராம் ஓட்டைத் திருப்பிப் பார்க்காமல் பேரினம் எழுதாதீர்கள்

நீலகிரியின் சார்னகைட் பாறையில் ஃபோராமினிஃபெரா (சுருக்கமாக ஃபோராம்; அறை அறையாக ஓடு கட்டும் நுண்ணிய ஒருசெல் உயிரி) கிடைக்காது. கோத்தகிரியில் பாடம் நடத்தும் எங்களுக்கு ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரின் கடற்கரை மணல்தான் கதி. போன வாரம் ஒரு மாணவி நுண்ணோக்கியில் கண் வைத்தபடியே, “மூணு அறை தெரியுது சார், ட்ரைலோகுலினா” என்றாள். ஈரத் தூரிகையால் ஓட்டைப் புரட்டச் சொன்னேன். மறுபக்கம் நான்கு அறைகள்! அது குவின்குலோகுலினா என்ற வேறு பேரினம். கடைசி இரண்டு அறைகள் இருபுறமும் தெரியும் என்பதால் மூன்றும் நான்கும் ஏழாகாது, ஐந்துதான். ட்ரைலோகுலினாவாக இருந்தால் ஒருபுறம் மூன்று, மறுபுறம் இரண்டு தெரியும்.

அதிகம் நடக்கிற தவறு இதுதான். இரு பக்கமும், வாய்த்துளைப் பக்கமும் வரையாத விவரிப்பை நான் ஏற்பதில்லை.

அடுத்தது சுவர். பீங்கான் போல வெண்மையாக, துளையின்றி இருப்பது ஒரு வகை; கண்ணாடி போல நுண்துளைகளோடு இருப்பது இன்னொன்று; மணல்துகளை ஒட்டிக் கட்டியது மூன்றாவது. அலையில் தேய்ந்த அம்மோனியா (கண்ணாடிச் சுவர் கொண்ட ஒரு ஃபோராம் பேரினம்) ஓடும் வெளுத்துப்போய்ப் பீங்கான் போலவே தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு எழுதுங்கள். சில பீங்கான் ஓடுகள் மேலே மணலைப் பூசிக்கொண்டிருக்கும். அந்தப் பூச்சை நம்பிவிடாதீர்கள்.

வெளித்தோற்றம் பெரிய இயற்கையியலாளர்களையே ஏமாற்றியிருக்கிறது. குவின்குலோகுலினாவின் மாதிரி இனத்தை (பேரினத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் இனம்) லின்னேயஸ் 1758இல் செர்புலா என்ற புழுவோடு சேர்த்தார். 1826இல் அந்தப் பேரினத்தை அமைத்த டோர்பிக்னியும் ஃபோராம்களைக் கணவாய் மீனின் உறவாகவே எண்ணினார். இவை ஒருசெல் உயிரி என்று விலங்கியலாளர் டூஜார்டான் சொன்னது 1835இல்.

ஒரே இனத்தில் பாலின, பாலிலாத் தலைமுறைகள் மாறி மாறி வரும். ஒன்றின் முதல் அறை பெரியது, மற்றதில் மிகச் சிறியது. ஓட்டின் அளவும் மாறும். இந்த இரண்டையும் இரு இனமாக்கியவர்கள் உண்டு. ஒற்றை ஓட்டை வைத்துப் புதுப் பேரினம் அறிவிக்காதீர்கள். அறிவித்தே ஆக வேண்டுமென்றால் மாதிரி இனத்தைக் குறிப்பிடுங்கள். அந்தப் பெயர் வேறெந்த விலங்குப் பேரினத்துக்கும் ஏற்கெனவே இல்லையென்று தேடிப் பாருங்கள்.

எங்கள் ஊர் ஈரத்துக்கு ஒன்று: ஓடுகளை ஒட்ட ஸ்லைடில் தடவும் டிராகாகாந்த் என்ற தாவரப் பசையில் பூஞ்சை பிடித்து அறை விளிம்புகளை மறைத்துவிடும். பசையைக் கலக்கும்போதே ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுங்கள்.