பழைய மரக் காற்றாலையின் வரலாற்றை அதன் மரங்களிலிருந்து அறிவது எப்படி?

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் உள்ள பிட்ஸ்டோன் காற்றாலையின் சட்டகத்தில் 1627 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய எண்ணைக் கண்டதும் அதையே ஆலை கட்டப்பட்ட ஆண்டாக எழுதிவிடக் கூடாது. அதைச் செதுக்கியவர் ஆலையைக் கட்டிய தச்சராகவும் இருக்கலாம், பின்னாளில் பழுதுபார்த்தவராகவும் இருக்கலாம். ஆகவே, அதைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் கொண்டு, மரங்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

பிட்ஸ்டோனைப் போன்ற தூண் ஆலைகளில், அதாவது ஒற்றைத் தூணின் மேல் ஆலையின் உடல் முழுவதும் திரும்பும் ஆலைகளில், ஆய்வைக் கீழிருந்து தொடங்குவதே நல்லது. தரைமட்டத்தில் குறுக்காகக் கிடக்கும் உத்தரங்கள், அவற்றிலிருந்து சாய்ந்தேறும் தாங்கு கட்டைகள், நடுவே நிற்கும் ஒற்றைத் தூண், அதன் தலையில் ஆலையின் முழு எடையையும் சுமக்கும் பெரிய உத்தரம் ஆகியவற்றை மாற்றுவது மிகக் கடினம் என்பதால், மிகப் பழைய மரம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். இறக்கைகளும் வெளிப்பலகைகளும் படிகளும் மழையிலும் வெயிலிலும் கெட்டு அடிக்கடி மாற்றப்படுபவை. அவற்றின் புதுமையைக் கண்டு ஆலையே புதிது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கைவிளக்கை மரத்தின் மீது நேராகப் பாய்ச்சாமல், பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். உளியின் தடங்களும், எந்தக் கட்டை எதனுடன் சேர வேண்டும் என்பதற்காகத் தச்சர்கள் கீறிய, ரோமன் எண்களை ஒத்த நேர்கோட்டுக் குறிகளும் அப்போது தெளிவாகத் தெரியும். குறிகளின் வரிசை ஓரிடத்தில் அறுந்தால், அங்குள்ள கட்டை பின்னர் மாற்றப்பட்டதாக இருக்கக்கூடும். கழுந்து (துளைக்குள் பொருந்துமாறு செதுக்கிய கட்டை முனை) ஏதும் பொருந்தாத வெற்றுத் துளையைக் கண்டால் நின்று கவனியுங்கள்: அங்கிருந்த கட்டை அகற்றப்பட்டிருக்கலாம், அல்லது அந்த மரமே வேறொரு கட்டடத்திலிருந்து எடுத்து வரப்பட்டிருக்கலாம். என் கருத்தில், செதுக்கிய ஆண்டைவிட இந்த வெற்றுத் துளைகளே அதிகம் பேசுகின்றன.

அடுத்த கட்டமான மரவளையக் காலக்கணிப்பை, அதாவது மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அது வெட்டப்பட்ட காலத்தைக் கணிப்பதை, வல்லுநரிடம் விட்டுவிடுங்கள். ஓக் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே இழைத்துப் பயன்படுத்துவது அக்காலத் தச்சர்களின் வழக்கம் என்பதால், மரம் வெட்டப்பட்ட ஆண்டு தெரிந்தால் வேலை நடந்த காலமும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஆனால் பட்டைக்கு அடுத்துள்ள வெளிறு சீவப்பட்டு, உள்ளிருக்கும் கெட்டியான வைரம் மட்டுமே எஞ்சியிருந்தால், ‘இந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டது’ என்ற அளவுக்கே விடை கிடைக்கும்.

பொறிகளும் காலம் காட்டும். ஆலையைத் தானே காற்றை நோக்கித் திருப்பும் வால்விசிறிக்கு எட்மண்ட் லீ 1745இல் காப்புரிமை பெற்றார். இறக்கையில் துணிக்குப் பதிலாகத் திறந்து மூடும் பலகைகளை ஆண்ட்ரூ மெய்க்கல் 1772இல் அமைத்தார். பதினேழாம் நூற்றாண்டு ஆலையில் இவை இருந்தால் பிற்காலச் சேர்க்கைகளே.

பத்திரங்கள், உயில்கள், பழைய வரைபடங்கள் ஆகியவற்றையும் தேடுங்கள். கேம்பிரிட்ஜ்ஷயரின் போர்ன் ஆலை 1636ஆம் ஆண்டின் விற்பனை ஆவணத்தில் இடம்பெறுகிறது. ஆனால் அது எப்போது கட்டப்பட்டது என்பதை அத்தகைய ஆவணத்திலிருந்து மட்டும் அறிய முடியாது. தூண் ஆலைகளைக் கழற்றி வேறிடத்தில் நிறுவுவதும் உண்டு என்பதால், ஒரே இடத்தைக் குறிக்கும் இரண்டு ஆவணங்கள் இரண்டு வெவ்வேறு ஆலைகளைப் பற்றியவையாகவும் இருக்கலாம்.

கண்டவற்றை ஆலையின் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றில் குறியுங்கள். பிட்ஸ்டோனில் 1902ஆம் ஆண்டுப் புயல் ஏற்படுத்திய சேதத்தையும், 1963 முதல் தன்னார்வலர்கள் செய்த சீரமைப்பையும்போல, அண்மைக்கால வேலைகளும் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் காலத்தையும் அதற்கான சான்றையும் எழுதி, ஊகத்தை வேறு நிறத்தில் காட்டுங்கள்.