செட்பேக், உயரம், கட்டடப் பரப்பு: கடைக்கால் தோண்டும் முன் போட வேண்டிய கணக்கு

பிளான் வரையும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் மூன்று அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: நாலு பக்கமும் விட வேண்டிய செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலியாக விடும் இடம்), உயர வரம்பு, மனையில் எத்தனை சதவீதத்தைக் கட்டடம் மூடலாம் என்பது. இவை ஊருக்கு ஊர் மாறும். எதை எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

உதாரணத்துக்கு, மனை 12 × 20 மீட்டர், 240 சதுர மீட்டர். முன்னால் 3 மீட்டர், பின்னால் 2, இரு பக்கமும் 1.5 விட்டால் மிஞ்சுவது 9 × 15, அதாவது 135. ஆனால் பரப்பு வரம்பு 50 சதவீதம் என்றால் 120தான் கட்டலாம். இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் அளவு. கூரை போட்ட போர்டிகோவும் பல ஊர்களில் இதில் சேரும். அதை மறந்துவிட்டு அறைகளுக்கே 120ஐயும் கொடுத்துவிடாதீர்கள்.

செட்பேக்கை மனையின் சட்டப்படியான எல்லையிலிருந்து அளக்க வேண்டும். காம்பவுண்டு சுவரையோ தார் ரோட்டின் ஓரத்தையோ நம்பக் கூடாது. சர்வேயரை வைத்து எல்லைக்கல்லை உறுதி செய்யுங்கள். மூலை மனைக்கு ரோடு பார்த்த இரண்டு பக்கமும் முன்பக்கமாகக் கணக்காகலாம். மனை கோணலாக இருந்தால், மிகக் குறுகிய இடத்திலும் முழு அளவு கிடைக்க வேண்டும்.

தவறு அதிகம் நடப்பது மார்க்கிங் அன்று. கொத்தனார் கயிறு கட்டுவது சுவரின் மையக்கோட்டுக்கு. எல்லையிலிருந்து சரியாக 1.5 மீட்டரில் அந்தக் கயிறு நின்றால், 230 மில்லிமீட்டர் சுவரில் பாதி 115, பூச்சு 15, ஆக 13 சென்டிமீட்டர் செட்பேக்குக்குள் போய்விடும். அதனால் மையக்கோட்டை 1.63 மீட்டரில் போடுங்கள். இன்னும் 5 சென்டிமீட்டர் கூட்டி வைத்தால் நிம்மதி. கான்கிரீட் விழும் முன் நாலு மூலையிலும் டேப் பிடித்துப் பாருங்கள்.

உயரத்தில் பேஸ்மட்டத்தை, அதாவது தரைக்கு மேல் வீட்டின் தளம் வரை எழுப்பும் அடிப்பகுதியை, கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வரம்பு 9 மீட்டர், மாடிக்கு 3 வீதம் மூன்று தளம் என்று திட்டமிட்டால், தரையிலிருந்து 0.6 மீட்டர் பேஸ்மட்டம் சேர்ந்து 9.6 ஆகிவிடும். தளத்துக்கு 2.8 என்று குறைத்தால் மொத்தம் 9.0. சரிவான மனையில் அளவு தொடங்குவது சராசரி தரைமட்டமா, ரோட்டு மட்டமா என்று கேளுங்கள். கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க், படிக்கட்டு அறை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டா என்பதையும் விதியில் பார்த்துவிடுங்கள்.

மனையின் அமைப்பால் விதிக்குள் அடங்கவே முடியாது என்றால், தளர்வு கேட்கும் விண்ணப்பத்தைக் கட்டும் முன்பே கொடுங்கள்.