62 வயதில் விலகும் அமெரிக்க ரிசர்வ் அதிகாரி கவனிக்க வேண்டியவை

ஜெனரல் தரத்துக்குக் கீழே உள்ள அமெரிக்க ராணுவ ரிசர்வ் (பெரும்பாலும் பகுதிநேரமாகப் பணியாற்றும் துணைப்படை) அதிகாரி 62 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளுக்குள் விலகியாக வேண்டும். மார்ச் 14 பிறந்தநாள் என்றால் மார்ச் 31 கடைசி நாள். லெப்டினன்ட் கர்னலுக்கு 28, கர்னலுக்கு 30 ஆண்டு அதிகாரிப் பணி என்ற வரம்பும் பொதுவாக உண்டு. இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் உங்கள் தேதி. மருத்துவர்கள், மதகுருக்கள் போன்ற சிலரை மட்டும் அவர்கள் சம்மதத்தோடு மேலும் சில காலம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அது உரிமையல்ல, துறையின் விருப்பம்.

பலர் சறுக்குவது ஆண்டுக் கணக்கில்தான். ஓய்வூதியத்துக்கு 20 தகுதி ஆண்டுகள் தேவை. ஒவ்வொன்றிலும் பணி, பயிற்சி போன்றவற்றுக்குத் தரப்படும் புள்ளிகள் குறைந்தது 50 வேண்டும். இந்தத் தகுதி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, நீங்கள் பணியில் சேர்ந்த தேதியை ஒட்டி ஓடுகிறது. உங்கள் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 ஆண்டு முடித்தவர் மார்ச் 31 அன்று வெளியேறினால், டிசம்பருக்குள்ளேயே 50 புள்ளி சேர்த்திருந்தாலும் அந்த ஆண்டு ஒன்பது மாதமாகத்தான் நிற்கும். மூன்று மாதக் குறையில் ஓய்வூதியமே கைநழுவிவிடும். 55 வயதிலேயே இதைக் கணக்குப் போட்டுவிடுங்கள். குறை தெரிந்தால், சிப்பாயாகவோ வேறு படைப்பிரிவிலோ இருந்த பழைய காலம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அதற்கு டிஏ 5016 புள்ளி அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். நான்கு டிரில் (பயிற்சி அமர்வு) உள்ள வார இறுதிக்கு 4 புள்ளி, முழுநேரப் பணிக்கு நாளுக்கு 1, உறுப்பினராக இருப்பதற்கு ஆண்டுக்கு 15. விட்டுப்போனவற்றுக்கு டிடி 214 (பணி விடுவிப்புச் சான்று), சம்பளச் சீட்டு, டிஏ 1380 (ரிசர்வ் பயிற்சிப் பதிவு) ஆகியவற்றை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். படைப்பிரிவில் இருக்கும்போது இது எளிது. வெளியேறிய பிறகு பழைய தாள்களைத் தேடி அலைய வேண்டிவரும். ஒவ்வொரு புள்ளிக்கும் காசு உண்டு: பொதுவாக மொத்தப் புள்ளியை 360-ஆல் வகுத்து 2.5-ஆல் பெருக்கினால், அடிப்படைச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஓய்வூதியம் என்பது கிடைக்கும். 3,600 புள்ளிக்கு 25 சதவீதம்.

20 ஆண்டு முடிந்ததற்கான அறிவிப்புக் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வந்த 90 நாளுக்குள் குடும்ப ஓய்வூதியத் தேர்வையும் முடித்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ரிசர்வுக்கு (விலகிய ரிசர்வ் வீரர்களின் பிரிவு) மாற்றக் கோரும் விண்ணப்பம் வேறு, ஓய்வூதிய விண்ணப்பம் வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவது தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். கேட்காமல் பணம் வராது. 62-இல் விலகுபவர் வழக்கமான 60 வயதைத் தாண்டியவர் என்பதால் விலகியதுமே தொகை தொடங்கலாம். ஆகவே ஓய்வூதியம் கேட்பதற்கான டிடி 108, டிடி 2656 படிவங்களை ஆறு மாதம் முன்பே நிரப்பி, திருமணச் சான்றிதழும் வங்கிக் கணக்கு விவரமும் சேர்த்து அனுப்பி, நகலை வீட்டில் வையுங்கள்.