மாமாவின் சேலைக் கடை கூகுளில் வராததற்குக் காரணம்

காரைக்குடியில் மாமா நடத்தும் கண்டாங்கிச் சேலைக் கடைக்குப் புது வலைத்தளம் போட்டு மூன்று வாரம் ஆகியும், கடைப் பெயரை அப்படியே அடித்தால்கூட கூகுளில் தளம் வரவில்லை. மேப்பில் மட்டும் கடை தெரிந்தது.

முதலில் தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கூகுளிடம் திரும்பத் திரும்பச் சமர்ப்பித்தேன். அப்புறம், தேடுபொறிகள் எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பைப் பார்த்தேன். தடை எதுவும் இல்லை. பக்கத்தின் மூலநிரலில் 'நோஇண்டெக்ஸ்', அதாவது தேடலில் காட்டாதே என்ற கட்டளை, இருக்கிறதா என்று தேடினேன், அங்கேயும் இல்லை. தலைப்புகளை மாற்றி எழுதியதில் இரண்டு நாள் வீண்.

கடைசியில், தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் முகப்புப் பக்க முகவரியைக் கொடுத்துச் சோதித்து, விவரத்தை விரித்துப் பார்த்தேன். நோஇண்டெக்ஸ் இருந்தது எச்டிடிபி ஹெட்டரில்! பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பு அது. மூலநிரலில் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது. பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் பார்த்தால் தெரியும். தளம் தயாராகும் வரை தேடலில் வரக்கூடாது என்று வடிவமைத்தவர் போட்டது, திறந்த பிறகும் அப்படியே கிடந்திருக்கிறது.

சர்வருக்கான அமைப்புகள் இருக்கும் எச்டிஅக்சஸ் கோப்பில், அந்த ஹெட்டரை அனுப்பவைத்த 'எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக்' வரியை நீக்கினேன். பக்கத்தின் பழைய நகலைச் சேமித்து வைத்திருக்கும் கேஷையும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் பழைய ஹெட்டரே போய்க்கொண்டிருக்கலாம். நேரடிச் சோதனை சரி என்று காட்டியதும் பக்கத்தைத் தேடலில் சேர்க்கச் சொல்லி இண்டெக்ஸ் கோரிக்கை கொடுத்தேன். நான்காம் நாள் தளம் வந்துவிட்டது. அப்பாடா என்று மாமாவுக்குப் போன் போட்டேன்.