ஸ்கொயர் ரூட், கியூப் ரூட் கணக்குல மார்க் எங்க போகுது?

குரூப் 4-க்கு படிக்கிறவங்க சில பேர் சேர்ந்து சாயங்காலம் லைப்ரரில உக்காந்து கணக்கு போடுவோம், அதனால நிறைய பேரோட ரஃப் நோட்டை பாத்திருக்கேன். வர்க்கமூலம் கனமூலத்துல தப்பு பண்றவங்க யாரும் ஷார்ட்கட் தெரியாதவங்க இல்ல. ஷார்ட்கட் நல்லாவே தெரியும், அது எந்த எண்ணுக்கு செல்லும் எதுக்கு செல்லாதுன்னு மட்டும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. 200 கேள்வில கணக்கும் ரீசனிங்கும் சேர்ந்து 25 தான், ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், கால்குலேட்டரும் கிடையாது, இதுல தெரிஞ்ச கணக்கே கைக்கு எட்டி வாய்க்கு எட்டாம போறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கு.

கியூப் ரூட்ல ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதிகமா ஏமாத்துறது அதுதான். 17576 எடுத்துக்கோங்க. கடைசி மூணு இலக்கத்தை தள்ளி வச்சா முன்னாடி 17 நிக்கும். எண்ணு 6-ல முடியுது, அதனால விடையும் 6-ல முடியும். 17-க்குள்ள அடங்குற பெரிய கனம் 8, அதோட மூலம் 2. விடை 26, சரிதான். இப்ப அதே இடத்துல 17536-னு கொடுத்தா என்ன வரும்? அப்பவும் 26 தான் வரும்! ஏன்னா நடுவுல இருக்கிற ரெண்டு இலக்கத்தை இந்த டிரிக் திரும்பிக்கூட பாக்கறதில்ல. 17536 முழு கனமே இல்ல. கேள்வியிலயே முழு கனம்னு சொல்லிட்டாங்கன்னா கண்ண மூடிட்டு போடலாம், "இதுல எது முழு கன எண்"னு கேட்டா இந்த டிரிக்கை நம்பி ஆப்ஷனை நிரப்பாதீங்க.

அதுக்கு ஒரு சின்ன செக் இருக்கு. இலக்கங்களை ஒத்த இலக்கம் வர்ற வரைக்கும் கூட்டிட்டே போங்க, முழு கனமா இருந்தா 1, 8, 9 இந்த மூணுல ஒண்ணுதான் வரணும். 17576-க்கு 26 வந்து 8 ஆகுது, 17536-க்கு 22 வந்து 4 ஆகுது, அப்ப அது அவுட். முழு வர்க்கத்துக்கு 1, 4, 7, 9. ஆனா இதை தலைகீழா புரிஞ்சுக்கிறவங்களும் இருக்காங்க, 8 வந்துட்டா கனம்னு முடிவு பண்ணிடுவாங்க. 17-ஐயே கூட்டுனா 8 தான் வருது, அது கனமா என்ன? இந்த செக் தப்பான ஆப்ஷனை வெளிய தள்ளத்தான் உதவும், சரியானதுக்கு சர்டிபிகேட் தராது.

அடுத்தது 2-க்கு 8, 3-க்கு 7-னு மாத்திப் போடுற பழக்கம். கனத்துல 2-ல முடிஞ்சா மூலம் 8-ல முடியும், 3-ல முடிஞ்சா 7-ல, அதே மாதிரி திருப்பியும். மத்ததெல்லாம் அப்படியே. இதை மனப்பாடம் பண்ணிட்டு ஸ்கொயர் ரூட்லயும் கொண்டு போய் போடுறாங்க. ஒரு வர்க்கம் 2, 3, 7, 8-ல முடியவே முடியாது, அப்படி ஒரு எண் ஆப்ஷன்ல இருந்தா பாத்த உடனே அடிச்சிடலாம். வர்க்கத்துல கடைசி இலக்கத்துக்கு பெரும்பாலும் ரெண்டு சாய்ஸ் வரும், அதுலதான் கவனம் வேணும். 7056-னா 84-ஆ 86-ஆ? நடுவுல 85 இருக்கு, அதோட வர்க்கம் 8-ஐ 9-ஆல பெருக்கி 72, பக்கத்துல 25, ஆக 7225. 7056 அதைவிட சின்னது, அப்ப 84. நிறைய பேர் இந்த ஸ்டெப்பை விட்டுட்டு தோணுறத போடுறாங்க, ரெண்டு நொடி வேலைதான் இது.

நீள் வகுத்தல்ல பூஜ்ஜியத்தை முழுங்குறது இன்னொண்ணு. 10609-க்கு ரூட் 13-னு எழுதியிருந்த நோட்டை எத்தனையோ தடவை திருத்திருக்கேன். வலது பக்கத்துல இருந்து ஜோடி பிரிச்சா 1, 06, 09. முதல்ல 1. அடுத்து 06-ஐ இறக்கி, விடையில இருக்கிற 1-ஐ இரட்டிச்சா 2, அது பக்கத்துல 1 போட்டா 21, அதுவே 6-ல போகாது, அப்ப விடையில ஒரு 0 போட்டுட்டுத்தான் 09-ஐ இறக்கணும். இப்ப 609, விடையில இருக்கிற 10-ஐ இரட்டிச்சா 20, பக்கத்துல 3 போட்டு 203-ஐ 3-ஆல பெருக்குனா சரியா வருது. விடை 103. மூணு ஜோடி இருந்தா விடையில மூணு இலக்கம் இருக்கணும், இத மட்டும் ஞாபகம் வச்சாலே 13-னு எழுத கை வராது.

தசமப் புள்ளி வந்துட்டா கதையே வேற. ரூட் 0.9 எவ்வளவுன்னு கேட்டா பட்டுன்னு 0.3-னு சொல்றாங்க. 0.3-ஐ 0.3-ஆல பெருக்குனா 0.09 தானே. 0.9-ஐ 0.90-னு ஜோடியாக்கிப் பாருங்க, விடை 0.95 கிட்ட வரும். புள்ளிக்கு அப்புறம் வர்க்கத்துக்கு ரெண்டு ரெண்டா, கனத்துக்கு மூணு மூணா பிரிக்கணும், 0.027-க்கு கனமூலம் 0.3, ஆனா 0.0027-க்கு இந்த மாதிரி முழுசா எதுவும் வராது. ஒண்ணுக்கு கீழ இருக்கிற எண்ணுக்கு ரூட் எடுத்தா விடை அந்த எண்ணைவிட பெருசாத்தான் வரும், 0.9-க்கு 0.3-ங்கிறது அதனாலயே தப்புன்னு தெரிஞ்சிருக்கணும்.

ரூட்டுக்குள்ள பிளஸ் இருந்தா பிரிக்காதீங்க, 9-ம் 16-ம் கூட்டி ரூட் எடுத்தா 5, தனித்தனியா எடுத்தா 7. போட்டித் தேர்வுல திரும்பத் திரும்ப வர்ற மாடல் ஒண்ணு, 1 + 27/169-க்கு ரூட் எடுத்தா 1 + எக்ஸ்/13, எக்ஸ் என்ன? உள்ள 196/169 ஆக்குங்க, வெளிய 14/13, எக்ஸ் 1. அவ்வளவுதான், 27-க்கு தனியா ரூட் தேடி நேரத்தை கொடுத்துடாதீங்க.

கேள்வியை முழுசா படிக்காம போற மார்க்தான் ரொம்ப வலிக்கும். 1000-ல இருந்து குறைந்தபட்சம் எதை கழிச்சா முழு வர்க்கம்னா 39, ஏன்னா 31-ன் வர்க்கம் 961. எதை கூட்டணும்னா 24, ஏன்னா 32-ன் வர்க்கம் 1024. ரெண்டுமே ஆப்ஷன்ல உக்காந்திருக்கும்! அதே மாதிரி 72-ஐ எதால பெருக்கணும்னு கேட்டா, வர்க்கத்துக்கு 2, கனத்துக்கு 3. பகா காரணி பிரிக்கிறது ஒரே மாதிரிதான், ஜோடியா சேக்கணுமா மூணு மூணா சேக்கணுமாங்கிறதுலதான் விடை மாறுது.

முடிவே இல்லாம போற ரூட்டும் வரும், ரூட்டுக்குள்ள 6 பிளஸ், அதுக்குள்ள மறுபடி ரூட் 6 பிளஸ்னு. 6-ஐ 2, 3-னு அடுத்தடுத்த எண்ணா பிரிச்சு, பிளஸ்னா பெரிய 3, மைனஸ்னா சின்ன 2. 12-க்கு 3, 4. ஆனா 7-ஐ அப்படி பிரிக்க முடியாது, அங்க இருபடிச் சமன்பாடு போட்டே ஆகணும், 7-ஓ 8-ஓ-னு ஊகிச்சு போடுறது தப்பு.

மனப்பாடத்துல 529, 729 குழப்பம் எல்லாருக்கும் வருது. 25-ஐ நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் பாருங்க, 24-க்கு 576, 26-க்கு 676, வித்தியாசம் 100. 23-க்கு 529, 27-க்கு 729, வித்தியாசம் 200. 22-க்கு 484, 28-க்கு 784. 21-க்கு 441, 29-க்கு 841. கடைசி ரெண்டு இலக்கம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், 100 100-ஆ ஏறுது, இதை ஒருதடவை நீங்களே நோட்டுல எழுதிப் பாத்துட்டீங்கன்னா 27-ன் வர்க்கம் 529-னு மறுபடி எழுத மாட்டீங்க.